நூறு நூல்களும் ஒரு வங்கியாளரும்

கற்க வேண்டும் என்னும் வேட்கை உடையார்க்கு நூல் கிடையாமை ஒரு துன்பம். நூல்கள் மலைபோற் குவிந்து கிடக்க, எதனை எடுப்பது, எதனை விடுப்பது என அறியாது திகைத்தல் மற்றொரு துன்பம். முன்னையது ஏட்டுக் காலத்துத் துன்பம். பின்னையது அச்சுக் காலத்துத் துன்பம். இவ்விரண்டாவது துன்பத்தைத் தீர்க்கும் பொருட்டு எழுந்தவையே, படிக்கத்தக்க நூல்கள் இவை என அறிஞர் வகுத்துதவும் பட்டியல்கள்.

பட்டியல்களைக் காண்போர் பலர். அவற்றாற் பயன் கொள்வோர் சிலர். ஒரு சாரார் பட்டியலைக் கட்டளையெனக் கொண்டு, மனம் செல்லாத நூலையும் மருந்துபோல் விழுங்கி, ஈற்றில் வாசிப்பையே வெறுத்து விடுகின்றனர். மற்றொரு சாரார் பட்டியலை எள்ளி நகையாடி, கைக்கு எட்டிய கதைப்புத்தகமே போதும் என அமைகின்றனர். இரு சாராரும் அறிந்து கொள்ளத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அது, நூறு சிறந்த நூல்கள் என்னும் பட்டியலை 1886ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கிய சேர் ஜோன் லபொக் என்னும் ஆங்கிலப் பெரியாரின் வரலாறு ஆகும்.

முற்றுப்பெறாத கல்வி

ஜோன் லபொக் 1834ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் வங்கி உரிமையாளர். அதனோடு கணிதத்திலும் வானியலிலும் வல்லவர். கடலின் ஏற்ற வற்றங்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர். கென்ட் பகுதியில், டவுண் என்னும் சிற்றூரின் அருகே, ஹை எல்ம்ஸ் என்னும் பண்ணை வீட்டிற் குடும்பம் வாழ்ந்தது.

1842ஆம் ஆண்டில் ஒருநாள், தந்தையார் மகனை அழைத்துப் பெரியதொரு நற்செய்தி உண்டெனக் கூறினார். தனக்கொரு குதிரைக்குட்டி வரப்போகின்றது என்றெண்ணிச் சிறுவன் துள்ளினான். செய்தியோ, சார்ள்ஸ் டார்வின் என்பவர் அவ்வூரிற் குடியேற வருகின்றார் என்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரும் ஏமாற்றமே. ஆயினும், எந்தக் குதிரையும் கொண்டு செல்ல இயலாத தூரத்துக்கு அந்த அயலவர் அச்சிறுவனைக் கொண்டு சென்றார் என்பதைக் காலம் காட்டிற்று. பூச்சியையும் புழுவையும் உற்று நோக்கும் பழக்கத்தை லபொக் அவரிடமே கற்றார்.

1845ஆம் ஆண்டில் ஈற்றன் கல்லூரியிற் சேர்க்கப்பட்ட அவர், ஏறத்தாழப் பதினைந்து வயதிலேயே கல்லூரியினின்றும் நிறுத்தப்பட்டார். குடும்ப வங்கியில் உடனிருந்து உதவ ஆள் வேண்டியிருந்தமையே காரணம். பல்கலைக்கழக வாயிலை மாணவனாக அவர் மிதித்ததே இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும், கல்வி இடைமுறிந்த துயரை அறிந்தவர் அவர். இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்க. பின்னாளில் அவர் வகுத்த பட்டியலின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

பகலெல்லாம் கணக்கேடுகளோடு கழிக்க வேண்டியிருந்த இளைஞர், காலையிலும் மாலையிலும் எஞ்சிய நேரத்தைக் கூறு கூறாகப் பகுத்துக் கற்றார். இயற்கைநூலுக்குச் சிறிது நேரம், செய்யுளுக்குச் சிறிது நேரம், பொருளியலுக்குச் சிறிது நேரம் என ஒழுங்கு செய்து கொண்டார். ஆசிரியர் இல்லாதவனுக்கு நூலே ஆசிரியர். ஆனால் எந்த நூல் என்று சொல்வார் யார்? இந்த வினா அவருடைய இளமையை ஓயாது தொடர்ந்தது.

இவ்வாறு தாமாகக் கற்றவரை 1858ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயதில், இங்கிலாந்தின் றோயல் சங்கம் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1865ஆம் ஆண்டில் வெளிவந்த வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றிய அவருடைய நூலே, பழைய கற்காலம், புதிய கற்காலம் என்னும் பாகுபாட்டுக்கு உரிய ஆங்கிலப் பெயர்களை முதன்முதல் வழங்கியது. எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்து 1882ஆம் ஆண்டில் எழுதிய நூலும் புகழ் பெற்றது.

ஓய்வு தந்த சட்டம்

1870ஆம் ஆண்டில் லபொக் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் முயற்சியால் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி இங்கிலாந்தில் ஈஸ்டரை அடுத்த திங்கள் முதலாக ஆண்டில் நான்கு நாட்கள் ஓய்வுநாட்களாயின. வங்கியின் பெயரால் வந்த விடுமுறை ஏனைய தொழிலாளருக்கும் பரவியது. மக்கள் மகிழ்ந்து, ஓகஸ்ட் மாதத்து விடுமுறையைப் புனித லபொக்கின் திருநாள் என வேடிக்கையாக வழங்கினர். இலங்கை நாட்காட்டிகளில் வங்கி விடுமுறை என்னும் பெயரைக் காணும் நாம், அப்பெயரின் பின்னால் நிற்கும் மனிதரை நினைப்பதில்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தின் கடைச் சிப்பந்திகள் பட்ட பாடு பெரிது. காலை தொடங்கி இரவு நெடுநேரம் வரை நின்றபடியே வேலை செய்த இளைஞரும் பெண்களும் பல்லாயிரவர். இவர்களுடைய வேலை நேரத்தைக் குறைக்க லபொக் பல்லாண்டு போராடினார். 1886ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என விதித்தது. ஆறு நாட்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். இதனையே ஒரு வெற்றியாகக் கொள்ள வேண்டியிருந்த காலம் அது.

நூறு நூல்களின் பட்டியல் வெளிவந்ததும் அதே 1886ஆம் ஆண்டிலேயாம். ஒரு கையால் நூலைக் காட்டியவர், மறு கையால் அதனைப் படிப்பதற்குரிய நேரத்தைத் தேடிக் கொடுத்தார். நேரமில்லாதவனிடம் நூற்பட்டியலை நீட்டுதல், பசித்தவனிடம் பண்டங்களின் பெயரை வாசித்துக் காட்டுவது போலாகும். லபொக் அத்தவற்றைச் செய்யவில்லை.

எழுத்தறிவும் நூலறிவும்

லபொக் வளர்த்த நாய்களுள் வான் என்பது ஒன்று. உணவு, வெளியே செல்லல் முதலிய சொற்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, வேண்டியதற்குரிய அட்டையைக் கவ்வி வருமாறு அதனைப் பழக்கினார். எழுதாத வெற்று அட்டைகளையும் இடையே பரப்பி வைத்துச் சோதித்தார். பசித்தபோது உணவு என எழுதிய அட்டையையே அது தேர்ந்து கொணர்ந்தது. எழுத்தை அடையாளம் காணல் வேறு. நூலை அறிதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அந்நாளில் இங்கிலாந்து எதிர்நோக்கிய சிக்கலும் இதுவே. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தால் ஏழைப் பிள்ளைகள் பெருந்தொகையாக எழுத்தறிவு பெற்றனர். அச்சகங்கள் மலிந்தன, நூல் விலை குறைந்தது. 1850ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து ஊர்தோறும் பொது நூல்நிலையங்கள் தோன்றலாயின. ஆனால் மக்கள் அங்கே மிகுதியாகக் கேட்டு வாங்கியவை நாவல்களே. வரிப்பணத்தில் நாவல் வாங்கி வைப்பது தகுமா என்னும் வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. நாவல் சோம்பலை வளர்க்கும் என்பார் ஒருபுறம். கதையில் தொடங்கியவன் காவியத்திலும் சாத்திரத்திலும் சென்று சேர்வான் என்பார் மறுபுறம்.

இலண்டனில் தொழிலாளர் கல்லூரி என ஒன்று 1854ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டிருந்தது. பகலில் உழைத்தோர் மாலையில் வந்து கற்ற இடம் அது. 1883 முதல் 1898 வரை லபொக் அதன் தலைவராய் இருந்தார். 1886ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அக்கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவிலேதான் நூறு நூல்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். வருங்காலத்தின் பெரும் வாசகர்கள் வழக்கறிஞரும் வைத்தியரும் அல்லர். கையால் உழைப்போரே என்பது அவருடைய கொள்கை. மூளையால் உழைப்போன் ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியை நாடுவான். உடலால் உழைப்போனுக்கோ நூலே ஓய்வு என்று அதற்குக் காரணமும் கண்டார்.

பட்டியலின் இயல்பு

தம் மனத்துக்கு உவந்த நூறு நூல்களை மட்டும் அவர் அடுக்கவில்லை. வாசிப்பின் பயனைப் பற்றி எழுதிய பலரும் எந்தெந்த நூல்களைப் பாராட்டினர் என ஆராய்ந்து, மிகுதியாகப் பாராட்டப்பட்டவற்றைத் தொகுத்தார். தமக்கு விருப்பமான சிலவற்றையும் சேர்த்துக் கொண்டார். உயிரோடிருந்த ஆசிரியர்களை விலக்கினார். அறிவியல் நாளுக்கு நாள் வளர்வது ஆதலின், தாம் அறிவியலாளராய் இருந்தும், அத்துறை நூல்களுட் சிலவற்றையே சேர்த்தார்.

ஒழுக்க நூல்கள், சமய நூல்கள், காப்பியங்கள், நாடகங்கள், வரலாறு, தத்துவம், செய்யுள் எனப் பட்டியல் விரிந்து செல்கின்றது. ஐரோப்பாவோடு நின்றுவிடாது கீழைத்தேயத்தையும் அவர் நோக்கினார். மகாபாரதமும் இராமாயணமும் அதில் இடம்பெற்றன. அவற்றின் பரப்பை அஞ்சி, வரலாற்றாசிரியர் ஒருவர் சுருக்கித் தந்த வடிவிற் படிக்குமாறு குறித்தார். பிர்தௌசியின் சாநாமாவும் கொன்பூசியசின் நூலும் சேர்க்கப்பட்டன. கொன்பூசியசின் நூல் தம்மைப் பெரிதும் கவரவில்லை என்பதையும், பல கோடி மக்கள் அதனைப் போற்றுவதனாலேயே அதனைச் சேர்த்ததையும் அவர் மறையாது கூறினார்.

புனைகதைக்குப் பட்டியலில் ஓர் இடம் உண்டு என்பதே அன்றைய வழக்குக்கு அவர் அளித்த தீர்ப்பு. டிபோவின் றொபின்சன் குரூசோ, சுவிப்ற்றின் கலிவர் யாத்திரை, கோல்ட்ஸ்மித்தின் வேக்பீல்ட் குருவானவர் கதை, செர்வாந்தேசின் டொன் குவிக்சோற், அரபுக் கதைகளாகிய ஆயிரத்தோரிரவு ஆகியன அங்கே உள்ளன. தக்கரே, டிக்கென்ஸ் ஆகியோரின் நாவல்களில் இவ்விரண்டும், ஜோர்ஜ் எலியற்றின் அடம் பீட் என்பதும், ஸ்கொட்டின் நாவல்களும் உள்ளன.

இவற்றுள் டொன் குவிக்சோற் இடம்பெற்றமை நுட்பமாக நோக்கத்தக்கது. வீரக் கதைகளை வாங்குவதற்காக நிலத்தையே விற்று, இரவு பகலாக அவற்றைப் படித்து, மதி மயங்கிய ஒருவனின் கதை அது. அவன் நோயைத் தீர்க்க எண்ணிய ஊர்க் குருவானவரும் நாவிதரும் அவனுடைய நூல் அறையுட் புகுந்து, எரிக்க வேண்டியவை இவை, காக்க வேண்டியவை இவை எனத் தெரிந்தெடுக்கும் காட்சி நகைப்புக்குரியது, சிந்தனைக்கும் உரியது. கதையைக் கண்மூடிப் படிப்பதன் கேட்டை எடுத்துரைப்பதும் ஒரு கதையே! புனைகதையை வெறுப்போருக்கும் அதில் மூழ்கிக் கிடப்போருக்கும் இந்த ஒரு நூலே போதிய விடையாகும்.

மறுத்தோரும் மாற்றியோரும்

பால் மால் கசெற் என்னும் இலண்டன் நாளிதழ் பட்டியலை வெளியிட்டு, அறிஞர் பலருடைய கருத்தையும் கேட்டது. அதனால் எழுந்த விவாதம் நாடெங்கும் பரவிற்று. ஜோன் ரஸ்கின் பட்டியலை எடுத்துப் பேனாவாற் பல பெயர்களை அடித்து நீக்கினார். கிபனின் உரோம வரலாறு, வோல்ற்றயரின் நூல், டார்வினின் நூல் ஆகியன அவர் பேனாவுக்குத் தப்பவில்லை. முன்னொரு காலத்தில் அதே தொழிலாளர் கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர் ரஸ்கின் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் அடித்து நீக்கவில்லை. தம்முடைய பட்டியலொன்றை எழுதி அனுப்பினார். ஒரு மக்களினத்தின் நெஞ்சினின்றும் பிறந்த பழங்கதைகளுக்கு அதில் முதலிடம் தந்தார். மகாபாரதத்தையும் அவ்வரிசையில் வைத்தார். ஒஸ்கார் வைல்ட் என்னும் இளம் எழுத்தாளரோ, படிக்க வேண்டியவற்றைச் சொல்வதிலும் படிக்கக் கூடாதவற்றைச் சொல்வதே பயனுடையது என்றும், மிகத் தாழ்ந்த நூறு நூல்களுக்கே பட்டியல் வேண்டும் என்றும் குறும்பாக எழுதினார்.

லபொக் இவற்றாற் சினம் கொள்ளவில்லை. பட்டியலைக் காணும் ஒவ்வொருவரும் வேறு நூல்களைச் சேர்க்க விரும்புவர் என்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார். அச்சொற்பொழிவு 1887ஆம் ஆண்டில் வெளிவந்த வாழ்க்கை இன்பங்கள் என்னும் அவருடைய நூலில் ஓர் அதிகாரமாயிற்று. அந்நூல் பல பதிப்புக் கண்டது. பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. றௌட்லெட்ஜ் என்னும் பதிப்பகத்தார் பட்டியலில் உள்ள நூல்களை லபொக்கின் நூறு நூல்கள் என்னும் வரிசையாகவே அச்சிட்டு விற்றனர். அவ்வரிசையை வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்ததோடு தம் கடமை முடிந்ததென எண்ணியோரும் இருந்திருப்பர். அது பட்டியலின் குற்றமன்று.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றினின்றும் புனைகதை வாசகர் கொள்ளத்தக்கவை சில உள.

பட்டியலொன்று கையில் கிடைத்தால், அதனை வகுத்தவர் யார், எம்முறையால் வகுத்தார் என்பதை முதலில் ஆராய்க. லபொக் தம் முறையை ஒளியாது சொன்னார். விருப்பமில்லாத நூல் எது என்பதையும் சொன்னார். அத்தகைய நேர்மை உடைய பட்டியலையே நம்புதல் வேண்டும். காரணம் கூறாது பெயர்களை மட்டும் அடுக்கும் பட்டியல், விற்பனையாளரின் விலைப்பட்டியலாகவும் இருத்தல் கூடும்.

அடுத்து, பட்டியலின் முதல் எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும் என்னும் விதி இல்லை. லபொக்கின் பட்டியலில் மார்க்கஸ் ஒறேலியசின் அறவுரை தலையிலும் நாவல்கள் கடையிலும் நிற்கின்றன. கதையில் விருப்பமுடையவன் கடையிலிருந்து தொடங்கட்டும். பிக்விக் என்னும் நகைச்சுவைக் கதையிற் சிரித்தவன், டேவிட் கொப்பர்பீல்டில் ஓர் அநாதைச் சிறுவனுக்காகக் கண்ணீர் விடுவான். அதன்பின் டிக்கென்சின் ஏனைய கதைகளைத் தானே தேடிச் செல்வான். ஓராசிரியருக்கு இரண்டு நூல்களைச் சுட்டி நிறுத்தியதன் கருத்து, மற்றவற்றைப் படிக்க வேண்டா என்பதன்று. வாயிலைத் திறந்து விட்டோம், உள்ளே செல்க என்பதேயாம்.

மூன்றாவது, நல்ல கதையை ஒருமுறை படித்தல் போதாது. கலிவர் யாத்திரையைச் சிறுவன் படிக்கும்போது குள்ளர் நாடும் இராட்சதர் நாடும் காண்கின்றான். வளர்ந்தபின் படிக்கும்போது அரசியலாரின் சிறுமையும் மனிதனின் செருக்கும் காண்கின்றான். நூல் மாறவில்லை, வாசகன் வளர்ந்திருக்கின்றான். கதையின் முடிவை அறிந்த பின்னும் எதனை மீண்டும் எடுக்க மனம் விழைகின்றதோ, அதுவே நம் பட்டியலில் நிற்கத்தக்கது.

நான்காவது, நேரம் தானாக வருவதில்லை. லபொக் வங்கியும் பாராளுமன்றமும் ஆராய்ச்சியும் ஒருங்கே நடத்தியவர். நாளுக்கு அரைமணி நேரமாயினும் வரையறுத்து, அதனை வேறொன்றுக்கும் விட்டுக்கொடாது காத்தல் வேண்டும். விடுமுறை வரட்டும் எனக் காத்திருப்பவன் விடுமுறையிலும் படியான் என்பது மாணாக்கரிடையே ஆண்டுதோறும் நாம் காணும் உண்மை.

ஈற்றில் ஒன்று. லபொக்கின் பட்டியலில் தமிழ்நூல் ஒன்றுமில்லை. ஜி. யு. போப் அவர்களின் திருக்குறள் மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளிவந்ததும் அதே 1886ஆம் ஆண்டிலே ஆகும். தமிழ் நாவலும் அப்பொழுதுதான் பிறந்திருந்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டிலும், கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வையின் அசன்பே கதை 1885ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆங்கிலேயர் ஒருவர் நம் நூலைச் சேர்க்கவில்லையே என வருந்துதல் வீண். மொறிஸ் செய்தது போல் நம் பட்டியலை நாமே எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு வாசகரும் ஒரு கொப்பியை எடுத்து, தாம் படித்த கதைகளின் பெயரையும், ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்பதையும் இரண்டு வரியில் எழுதி வருவாராயின், சில ஆண்டுகளில் அதுவே அவருக்கு உரிய பட்டியலாகும். தம் பிள்ளைக்கோ மாணாக்கனுக்கோ அதனைத் தயங்காது கொடுக்கவும் ஆகும்.

சேர் ஜோன் லபொக் 1900ஆம் ஆண்டில் பிரபுப் பட்டம் பெற்றார். அவ்பெரி என்னும் ஊரில் அழிவுக்கு உள்ளாகவிருந்த பழங்காலக் கல்வட்டத்தின் நிலத்தில் ஒரு பகுதியைத் தம் பணத்தால் வாங்கிக் காத்தவர் ஆதலின், அவ்வூர்ப் பெயரையே தம் பட்டத்துக்கும் சூடிக்கொண்டார். 1913ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் தேதி, எழுபத்தொன்பதாவது வயதில், கென்ட் கடற்கரையில் உள்ள தம் இல்லத்திற் காலமானார். பள்ளியை இடையில் விட்ட சிறுவன் தனக்கெனத் தேடிய வழி, அவனைப் போன்ற பல்லாயிரவருக்கும் வழியாயிற்று. அவ்வழியே நடந்து, நமக்கெனப் புதுவழி காண்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.